பல் பதிந்த துவர்த்து

எங்கே போனாலும் சண்டையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், ஆலயத்து வாலிபர் கூட்டத்தில் கேட்டார்கள், சட்டசபை அங்கத்தினராகத் திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகு பெரிய மனிதர்களின் தேநீர் விருந்திலும் கேட்டார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சண்டையில் நான் செய்தது கொஞ்சம், பயந்தது அதிகம். ஆனால் அங்கே மூன்று வருஷத்தில் செய்யாத பெரிய தப்பை இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஒன்பது நாளில் செய்தேன். அதற்கு விலையாக என் வலது காலைக் கேட்டார்கள். என்னை மாதிரி ஆட்கள் நம் பக்கத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்கள் படிக்காவிட்டாலும் அவர்களுடைய மனைவிமார் படித்தால் போதும்.

என் பெயர் ஞானமுத்து. ஊர் நாகர்கோவிலுக்கு மேற்கே. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்ததால் ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் மறந்துபோய் ஹவில்தார் என்பதே பெயராகிவிட்டது. பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டையின்போது மெசபடோமியாவில், துப்பாக்கி, மண்வெட்டி இரண்டையும் சுமக்கிற ஒரு படையில் இருந்தேன். ஒரு நாள் காலை குண்டு விழுந்து பதுங்குகுழி சரிந்தது. உள்ளே புதைந்த மூன்று பேரைத் தோண்டி வெளியே இழுத்தேன். மூன்றாமவரை இழுக்கும்போது இன்னொரு குண்டு வெடித்து அதன் சிதறல் என் வலது தொடையில் ஏறியது. வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். சிதறலை எடுத்தாயிற்று என்றும் சொன்னார்கள். பதக்கம் கொடுத்தது நிஜம். சிதறலை முழுக்க எடுக்கவில்லை என்பது பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பி வாழைத்தோட்டமும் ஒரு பசுவுமாக இருந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை தொடையில் இருந்த தழும்பு சிவக்கும், வீங்கும், சின்னக் கண் திறந்து நாலு நாள் சீழ் வடியும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். என் மனைவி எஸ்தர் வேப்பிலை அரைத்துக் கட்டிக்கொண்டே, "இஞ்ச பாருங்க, இது நல்லதுக்கில்ல. ஒருக்கா பெரிய டாக்டர்ட்ட காட்டுங்க" என்பாள். இதெல்லாம் ஒரு காயமா என்று நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவேன். ஒரு வருஷம் சித்திரையில் திறந்த கண் மூடவில்லை. சாயங்காலமானால் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. பக்கத்து ஊர் டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, இது தோலில் உள்ள சங்கதி இல்லை, எலும்பில் இருக்கிறது, இன்றைக்கே திருவனந்தபுரம் போ என்றார்.

எங்கள் பசு அன்றோ நாளையோ ஈனுகிற நிலையில் இருந்தது. பெண்கள் இருவருக்கும் பரீட்சை. நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றேன். எஸ்தர் அரை மனதாகச் சரி என்று சொல்லி, என் சட்டையில் பதக்கத்தைத் தானே குத்திவிட்டாள். "இதக் கண்டா கொஞ்சம் நல்லாப் பாப்பாவ" என்றாள். பாவம், அந்தப் பதக்கம்தான் எனக்கு எமனாக வரப்போகிறது என்று அவளுக்கு என்ன தெரியும்.

களியக்காவிளை தாண்டியதும் பஸ்ஸில் பேச்சு மலையாளமாக மாறிவிட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்தேன். நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நூறு பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதுகிறவர் பதக்கத்தைப் பார்த்தார், எழுந்து நின்றார், என்னை நேரே டாக்டர் அறைக்கு அழைத்துப் போனார். டாக்டரும் பார்த்தார். ஐம்பது வயது மலையாளி, நல்ல மனிதர், தமிழும் பேசுவார்.

"வீரனாணல்லோ" என்றார் சிரித்து. "வேதனை உண்டோ, ஹவில்தாரே?"

குதிகால்கள் இரண்டும் தாமாக ஒட்டிக்கொண்டன. "இல்லை, சார்!" என்றேன்.

இங்கேதான் என் தப்பு ஆரம்பித்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் வெறும் மடையன் என்று நினைத்துக்கொள்வீர்கள். பட்டாளத்தில் தினமும் காலை வரிசையில் நிற்க வேண்டும். ஆபீசர் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, ஏதாவது குறை உண்டா, உடம்புக்கு எப்படி என்று கேட்டுக்கொண்டே போவார். இல்லை சார், நன்றாக இருக்கிறேன் சார் என்று சொல்ல வேண்டும். வேறு பதில் சொன்னவனை ஆபீசர் ஒன்றும் செய்ய மாட்டார். அவர் போன பிறகு ஹவில்தார் கவனித்துக்கொள்வார். வேலைக்கள்ளன் என்று பெயர் வைத்து, சாயங்காலம் எல்லோரும் ஓய்வெடுக்கும்போது அவனைக் கக்கூஸ் குழி வெட்ட அனுப்புவார். அந்த ஹவில்தார் நான்தான். எத்தனை பேர் வாயை அப்படி மூடியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் மற்றவர்களுக்குப் போட்ட பூட்டு என் வாயிலும் விழுந்துவிட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் முன்னால் வந்து நின்று கேள்வி கேட்டால் உடம்பு முழுவதும் விறைத்து நாக்கு மட்டும் தனியாக வேலை செய்யும்: இல்லை, சார்.

வார்டில் பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். என்னுடையது ஏழாவது. தரை கழுவுகிற கார்பாலிக் நெடி முதல் நாள் குமட்டியது, மூன்றாம் நாள் பழகிவிட்டது, இப்போது எங்காவது அந்த வாசனை வந்தால் ஒருமாதிரி சந்தோஷமாகக்கூட இருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு டாக்டர் வரிசையாகக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு வருவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் போர்வையை இழுத்துச் சரிசெய்து, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, படுத்தபடியே அட்டென்ஷனில் கிடப்பேன். வேதனை உண்டோ? இல்லை, சார்.

இதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. நர்ஸ் காய்ச்சல் குச்சியை வாயில் வைக்க வருமுன் கூஜாவின் குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் அடக்கி வைத்திருந்து விழுங்கிவிடுவேன். குச்சி குறைவாகக் காட்டும். இதுவும் பட்டாளத்து வித்தைதான், தன் கூட்டத்தை விட்டு ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குப் போக மனமில்லாதவர்கள் செய்வது. வெடிகுண்டுக்கு நடுவில் அது ஒரு பெருமை. திருவனந்தபுரத்தில் அதற்கு என்ன வேலை? வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றால் டாக்டர் என்ன நினைப்பார்? மேலே உள்ள புண்தான், தினமும் கழுவிக் கட்டினால் ஆறிவிடும், ஒரு வாரத்தில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தார். தொடைக்குள்ளே எலும்பு வெந்துகொண்டிருந்தது. வலி வரும்போது என் துவர்த்தை நாலாக மடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொள்வேன். தோளில் போடுகிற துண்டுக்கு எங்கள் பக்கத்தில் துவர்த்து என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்தவன் வலி என்றால் என் வாய் நன்றாகத் திறந்தது. எட்டாவது கட்டிலில் மாடசாமி கிடந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். மரம் சாய்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டின பிறகு கால் உள்ளே வீங்கிவிட்டது. அதைச் சொல்லலாம் என்றால் தோட்டத்துக் கங்காணி தினமும் டாக்டர் வரும் நேரத்துக்குக் கால்மாட்டில் வந்து நின்றுகொள்வார். நாலாம் நாள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மாடசாமியின் கால்விரல்களைப் பார்த்தேன். நாவற்பழ நிறமாக இருந்தன.

"டாக்டர்ட்ட சொல்லுங்க" என்றேன்.

"வேண்டாம் ஐயா" என்றார் மெல்ல. "இவன் கால் தேறாதுன்னு கங்காணி நெனச்சா பேரை வெட்டிருவாரு. தோட்டத்து லயத்து வீட்டுல பொண்டாட்டி பிள்ள இருக்கு. எறக்கி விட்டுருவாங்க."

டாக்டர் வந்தார். என்னைக் கேட்டார், இல்லை சார் என்றேன். மாடசாமியைக் கேட்டார், அவரும் கங்காணியைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் நகர்ந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, பரேடு மைதானத்துக் குரலில், "சார்! எட்டாம் கட்டில்காரருக்குக் கால்விரல் நீலமாக இருக்கிறது, சார்!" என்று கத்திவிட்டேன். பன்னிரண்டு கட்டிலும் திரும்பிப் பார்த்தன. டாக்டர் ஒரு நிமிஷத்தில் கத்தரிக்கோல் வாங்கிக் கட்டை வெட்டினார். ரத்தம் ஓட இடமில்லாமல் இறுகிப் போயிருந்தது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பாதம் செத்திருக்கும் என்றார். பிறகு கங்காணியை அழைத்து, இந்தக் கால் மூன்று மாதத்தில் மலை ஏறும், நான் எழுதியே தருகிறேன் என்றார். மாடசாமி அழுதுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாவது கட்டிலில் சுப்பையா பிள்ளை. ஆரியசாலையில் மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். வயிற்றுவலி என்று சொல்லிச் சேர்ந்து, ஆறு நாளாக விளக்கெண்ணெய் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் என் காதருகே வந்து, "வேய் ஹவில்தார், ஒரு சங்கதி. வயித்துல ஒண்ணுமில்ல. அதுக்குக் கீழதான்" என்றார். விரைவீக்கம். இந்தக் கடலோரப் பக்கத்தில் கொசுக்கடியால் பலருக்கும் வருவது, உள்ளே நீர் கோத்துத் தேங்காய் அளவுக்குப் பெருத்துவிடும். சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடும். ஆனால் நர்ஸும் கூட நிற்கும்போது அதை எந்த வாயால் சொல்வது? மறுநாள் டாக்டரைக் குனியச் சொல்லி நான் அவர் காதில் சொன்னேன். டாக்டர் முகம் மாறாமல், "விளக்கெண்ண மதி, நிறுத்திக்கோ" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பிள்ளைக்கு ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு எல்லாக் கட்டிலும் என்னிடம் வர ஆரம்பித்தது. டாக்டரும் என் கட்டிலுக்கு வந்ததும், "ஹவில்தாரே, இன்னத்தே ரிப்போர்ட்?" என்று கேட்பார். நான் பதினோரு பேர் நிலவரத்தையும் ஒப்பிப்பேன். பன்னிரண்டாவது ஆளைப் பற்றிக் கேட்டால் மட்டும், இல்லை, சார்.

பத்தாம் நாள் எஸ்தர் வந்தாள். பசு கிடாரி ஈன்றிருந்தது, பரீட்சை முடிந்திருந்தது. தூக்குவாளியில் கஞ்சியும் பயறும். கட்டிலருகே வந்தாள். என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். புண் கட்டருகே குனிந்து மோந்து பார்த்தாள். அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் துவர்த்து மட்டும் பிழியாமல் இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். அரிசி சலிக்கும் அளவுக்குக் கண்கண்ணாக ஓட்டை.

"இது என்னது?"

"பழைய துவர்த்து."

"நீங்க வரப்போ நான் தந்துவிட்ட புதுசாக்கும் இது" என்றாள்.

அன்றிரவு வராந்தாவில் மற்ற நோயாளிகளின் வீட்டுப் பெண்களோடு படுத்துக்கொண்டாள். காலை எட்டு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. நான் அட்டென்ஷன் ஆனேன். வேதனை உண்டோ என்று டாக்டர் கேட்டார். என் நாக்கு மேலே எழும்புவதற்குள் எஸ்தர் குறுக்கே வந்து நின்றாள். அந்த வார்டில் டாக்டர் வழியில் ஒரு பெண்பிள்ளை குறுக்கே நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, இவியட்ட கேக்காதீங்க. இவிய இல்லேன்னுதான் சொல்லுவாவ. வெட்டிப் போட்டாலும் இல்லேன்னு சொல்லுவாவ. இந்தத் துவர்த்தைப் பாருங்க. இது எலி கடிச்சதில்ல."

டாக்டர் துவர்த்தை வாங்கிப் பார்த்தார். பல் தடங்களை விரலால் தடவினார். நர்ஸ் அப்போதுதான் மெல்ல, குச்சி வைக்கும்போது இவர் வாய் எப்போதும் சில்லென்று இருக்கிறது சார், எனக்கே சந்தேகம்தான் என்றாள். குச்சியை அக்குளில் வைத்துப் பார்த்தார்கள். நூற்று மூன்று. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை, ஏமாந்துபோன மனிதனின் பார்வை. "நான் உங்களை நம்பியல்லோ சிகிச்சை செய்தது" என்றார். அந்த ஒரு வார்த்தை எந்தக் குண்டுச் சிதறலையும்விட ஆழமாகப் போயிற்று.

அன்றே எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இருட்டு அறை, ஒரு பெரிய இயந்திரம், அசையாதே என்றார்கள். அசையாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி. மறுநாள் கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் எங்கள் இருவருக்கும் காட்டினார். தொடை எலும்புக்குப் பக்கத்தில் கடுகு வெடித்தது போல ஒரு சிறிய வெள்ளைப் புள்ளி, அது இரும்பு. அதைச் சுற்றி எலும்பில் ஒரு பகுதி தனியாகப் பிரிந்து நின்றது. அது செத்த எலும்பு என்றார். உள்ளங்கையில் ஏறிய மரச் சிலாம்பு போலத்தான், அது உள்ளே இருக்கும்வரை உடம்பு அதைத் தள்ளிப் பார்க்கும், முடியாமல் சீழ் பிடிக்கும். சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கு ஆபத்து.

"வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா எளுப்பமா முடிஞ்சிருக்கும்" என்றார். "இப்போ திறந்து நோக்கித்தான் சொல்ல முடியும். கேடு எலும்பு முழுக்கப் பரவியிருந்தா காலை எடுக்கணும். இங்ஙன." தன் தொடையின் நடுவில் கையால் ஒரு கோடு போட்டார்.

"சரி, சார்" என்றேன். எதற்கும் சரி என்று சொல்லி வளர்ந்தவன்.

"சரியில்ல" என்றாள் எஸ்தர். "ஐயா, திறந்து பாருங்க. எலும்பு கொஞ்சமாவது நல்லா இருந்தா காலை விட்டுருங்க. நான் ஒரு வருசம் ஆனாலும் கழுவிக் கட்டுகேன். காப்பாத்த முடியாதுன்னா எடுத்துருங்க. எனக்கு ஆளு வேணும்."

டாக்டர் தகட்டை மேசைமேல் வைத்தார். "காலை விட்டா ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே மறுபடி சீழ் கட்டுதான்னு எனக்கு வெளியே இருந்து தெரியாது. ஹவில்தார் சொல்ற வேதனைதான் எனக்கு வழிகாட்டி. எவிடெ, எவ்வளவு, எப்போ. அதிலும் பொய் சொன்னா, பின்னே காலை விட்டதே நான் செய்த தப்பாகும்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எனக்குப் பயமாக இருந்தது. பதுங்குகுழியிலும் பயந்திருக்கிறேன், ஆனால் அங்கே சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் பயந்தார்கள். வாழைக்குலையை எந்தக் காலில் ஊன்றி இறக்குவது என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது. சுப்பையா பிள்ளை அன்று வீட்டுக்குப் போக வேண்டியவர், என் ஆபரேஷன் முடிந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று இருந்துவிட்டார். "வேய், பழவங்காடிப் பிள்ளையாருக்கு எனக்கு நூத்தியொரு தேங்கா நேந்திருக்கேன். உம்ம காலுக்கும் சேத்து இன்னொரு நூத்தியொண்ணு" என்றார். எங்கள் போதகர் காதில் விழாமல் இருக்கட்டும், அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மேசையில் படுக்க வைத்து, கம்பிவலையில் துணி போர்த்திய மூடியை மூக்கின்மேல் வைத்து, குளோரோபார்மைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். திகட்டுகிற தித்திப்பு நெடி. எண்ணச் சொன்னார்கள். நான் டிரில் எண்ணிக்கை போல எண்ணினேன். பதினேழு வரை ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது கண்ணுக்கு முன்னால் வார்டின் கூரை ஓடு தெரிந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. வலது கால்விரலை அசைத்துப் பார்த்தேன், அசைவது போல இருந்தது. ஆனால் அதை நம்ப முடியாது. கால் போன பிறகும் விரல் அரிக்கிறது என்று அழுதவர்களைப் பட்டாளத்து ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் பார்த்திருக்கிறேன். எஸ்தர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து மாடசாமி, "ரெண்டும் இருக்கு ஐயா. நான் நல்லாப் பாத்துட்டேன். போர்வைக்கு வெளிய பத்து விரல் தெரியுது" என்றார். அன்றைக்கு அழுத மாதிரி நான் பிறந்ததிலிருந்து அழுததில்லை.

இரும்பும் செத்த எலும்பும் வெளியே வந்தன. எலும்புத் துண்டு என் சுண்டுவிரல் நீளம். புண்ணைத் தைக்காமல் திறந்தே வைத்து, மருந்துத் துணி திணித்து, தினமும் குளோரின் நீரால் கழுவினார்கள். உள்ளிருந்து மேலே ஆறி வர வேண்டும், மேலே முதலில் மூடினால் பழைய கதைதான். பிழைத்த எலும்பு நிற்குமா, மறுபடி கெடுமா என்பது ஆறு வாரத்தில் தெரியும் என்றார்கள்.

மறுநாள் காலை. செருப்புச் சத்தம். கைகள் பக்கவாட்டில் போயின. "வேதனை உண்டோ?"

குண்டு விழுகிற இடத்தில் மண் தோண்டியவனுக்கு ஒரு சொல் வரவில்லை. எஸ்தர் என் வலது கையைப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்தாள். அட்டென்ஷன் கலைந்தது.

"உண்டு, சார்" என்றேன். "கொஞ்சம்."

"கொஞ்சமா?" என்றாள் எஸ்தர்.

"நிறைய, சார். வெளிப்பக்கம். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே."

சுப்பையா பிள்ளை கைதட்டினார். டாக்டர் சிரித்துவிட்டு அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். உள்ளே ஒரு சிறு பை சீழ் கட்டத் தொடங்கியிருந்தது, அன்றே திறந்து கழுவினார்கள். அதன் பிறகும் இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டு முறையும் நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஏழாம் வாரம் புதிய எலும்பு வளர்ந்திருப்பதைத் தகட்டில் காட்டினார். வலது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. அதனால் என்ன, செருப்பில் ஒரு தோலைக் கூட்டித் தைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போன பிறகு எனக்கு ஒரே யோசனை. எங்கள் பக்கத்திலிருந்து சண்டைக்குப் போய்த் திரும்பியவர்கள் என் ஒருவனா? கம்பை ஊன்றிக்கொண்டு எஸ்தரோடு ஒவ்வொரு வீடாகப் போனேன். முன்வாசலில் நான் கேட்பேன், சுகமா? சுகம் ஹவில்தார் சாப், ஒரு குறையும் இல்லை என்று எழுந்து நின்று சொல்வார்கள். என்னிடம் படித்த பாடமல்லவா. இதற்குள் எஸ்தர் அடுக்களைப் பக்கம் போயிருப்பாள். அரை மணி நேரத்தில் உண்மை நிலவரத்தோடு வருவாள். ஒருவருக்குப் பாத்திரம் விழுந்தால் கட்டிலுக்கடியில் ஒளிகிற வியாதி. ஒருவருக்குச் சண்டையில் விஷப்புகை குடித்த நெஞ்சு, மூன்று படி ஏறினால் முகம் கறுக்கிறது. ஒருவர் பழைய காயத்தை உமிச்சாம்பலால் மூடிக் கட்டிக்கொண்டு ஏர் பிடிக்கிறார். இதையெல்லாம் எழுதிச் சர்க்காருக்கு மனுப் போட்டேன். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார், எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் குறை உண்டா என்று கேட்டார். அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்தி இல்லை என்றார்கள். நான் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் சுப்பையா பிள்ளை ஆரியசாலையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "வேய், மனு எல்லாம் பெட்டிக்குள்ள தூங்கும். சட்டசபைக்கு நில்லும்" என்றார். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. பிள்ளைக்கு அவர்களில் பாதிப் பேரைத் தெரியும், மீதிப் பேருக்கு அவர் மிளகாய் தெரியும். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து, "நான் வெளிய சொல்ல முடியாத சங்கதியை எனக்காக எடுத்துச் சொன்ன மனுசன் இவரு" என்பார். என்ன சங்கதி என்று யாராவது கேட்டால், "வயித்துவலி" என்று உட்கார்ந்துவிடுவார். ஜெயித்துவிட்டேன்.

சபையில் என் முறை வந்த அன்று எஸ்தர் பார்வையாளர் பெஞ்சில் இருந்தாள். பதக்கம் குத்தியிருந்தேன். காயப்பட்ட பழைய பட்டாளக்காரர்களை வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு டாக்டர் அவரவர் ஊரிலேயே பார்க்க வேண்டும், நகரத்து ஆஸ்பத்திரியில் அவர்களுக்குச் சில கட்டில்கள் ஒதுக்க வேண்டும் என்று பேசினேன். சபைத் தலைவராக இருந்த சமஸ்தானத் திவான் காகிதத்தைப் புரட்டிவிட்டு, விசாரணையில் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லையே என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

"வரிசையில் நிற்க வைத்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், சார்" என்றேன். "அப்படிச் சொல்லக் கூடாது என்று பழக்கியதே என்னைப் போன்றவர்கள்தான். அவர்களுடைய மனைவிமாரைக் கேட்கச் சொல்லுங்கள். டாக்டர் வரும்போது வீட்டுக்காரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதுங்கள்."

சபையில் சிரிப்பு எழுந்தது. திவான் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். மேலும் கேட்டார், நான் சொல்லிக்கொண்டே போனேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தொடை எரிய ஆரம்பித்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"உங்களுக்குக் காலில் வலி உண்டா?" என்றார்.

என் குதிகால்கள் ஒட்டிக்கொண்டன. நாக்கு மேலே எழுந்தது. அங்கே நின்று பேசுவதுதான் வழக்கம், திவானுக்கு எதிரில் உட்கார்ந்து யாரும் பேசியதில்லை. பார்வையாளர் பெஞ்சைப் பார்த்தேன். எஸ்தர் மடியிலிருந்த அந்தப் பல் பதிந்த துவர்த்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே, மெதுவாக விரித்தாள்.

"உண்டு, சார்" என்றேன். "வலிக்கிறது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மீதியை உட்கார்ந்தே பேசினேன்.